கருமாதிக் காலையில் மூட்டிய அடுப்பு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 ஜூலை 2023

அன்புத் தங்கைக்கு,

1. இதை எழுதுபவன் முகுந்தன். காலஞ்சென்ற கன்னையா, தனலெட்சுமி தம்பதியரின் மூத்த பிள்ளை. பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞன்.

2. இதைப் பெறுபவள் மாதவி, எழுதுபவனின் ஒரே தங்கை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கிள்ளான் தெலுக் பூலாயில், பெற்றோரின் வீட்டில், கணவர் ஜெயராஜுடன் வசிப்பவள்.

3. எழுதுபவன் இங்கே வழக்கறிஞனாகப் பேசவில்லை, அண்ணனாகப் பேசுகிறான். இரண்டையும் பிரித்துக் காட்டும் பழக்கம் அவனுக்கு இல்லாததால், தொடக்கத்திலேயே சொல்லிவைக்கிறான்.

இதைப் படித்து நீ முகம் சுளிப்பாய். ஆனால் மருத்துவமனை வராந்தாவில் நீதான் சொன்னாய்: "இனிமே எங்கிட்ட எதாச்சும் கேக்கணும்னா எழுதிக் கேளுங்க அண்ணே. வாயால கேக்காதீங்க." அதன்பின் என் அழைப்புகளை நீ எடுக்கவில்லை. எனவே எழுதிக் கேட்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். சமையலறையில் இருக்கும் அந்த இரும்படுப்பை அகற்ற உன் சம்மதம் வேண்டும். அம்மாவுக்குப் பின் வீடு நம் இருவருக்கும் பொது. உன் சம்மதமின்றி நான் ஓர் ஆணியைக் கூடப் பிடுங்க மாட்டேன்.

காரணத்தை உணர்ச்சி கலக்காமல் சொல்ல முயல்கிறேன். கேரித் தீவுத் தோட்டத்தில் துரை பங்களாவை இடித்தபோது அப்பா அந்த அடுப்பை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சமைக்க ஓர் அடுப்பு. அதன் முதுகில் ஓர் இரும்பு நீர்ப்பெட்டி. பெட்டியில் சூடாகும் நீர் செம்புக் குழாய் வழியே குளியலறைச் சுவரில் உள்ள தொட்டிக்குத் தானே ஏறும். ஆறிய நீர் மறு குழாயில் தானே இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அப்பா அதை வியந்தார். மின்சார ஹீட்டருக்குப் பயந்த அம்மா, முட்டிவலிக்கு அந்த வெந்நீர்தான் வேண்டும் என்றார். அம்மா இப்போது இல்லை. கருமாதியன்று காலை அந்த நீர்ப்பெட்டி வெடித்து மாப்பிள்ளையின் கையையும் கழுத்தையும் வேகவைத்தது. இனி அந்த அடுப்பு அங்கே இருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் உடல்நிலை பற்றி ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணன் முகுந்தன்

*

தெலுக் பூலாய், கிள்ளான்
12 ஜூலை 2023

அண்ணனுக்கு,

சம்மதம் இல்லை. அடுப்பு இருக்கட்டும்.

ஒரு வரி கேட்டீர்கள். ஒரு வரியில் அடங்காது.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து வலக் கையில் ஒட்டியிருக்கிறார்கள். விரல்கள் மடங்குகின்றன. ஆனால் அந்தக் கைக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. நேற்று கெத்தலில் கொதித்த தண்ணீரை வாளியில் ஊற்றி நான் விளாவுவதற்குள் அவர் கையை விட்டுவிட்டார். நான் கத்தினேன். அவர் கையை எடுக்காமலே என்னைப் பார்த்து, "என்ன?" என்றார். அம்மா போனதிலிருந்து எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். பிள்ளைகள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் ஆண்டுக் கடைசிக்குள் வேலைக்குத் திரும்பலாம் என்கிறார். துறைமுகத்திலும் அவருடைய கிரேன் இடத்தை வைத்திருக்கிறார்கள். அவர்தான் மாட்டேன் என்கிறார். "ஒரு அடுப்புல தண்ணி இருக்கா இல்லையான்னு பார்க்காதவன், மனுசன் தலைக்கு மேல கண்டெய்னரத் தூக்கக் கூடாது மாதவி" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொல்கிறார்.

இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மருத்துவமனையில், சின்னையா வீட்டார், அஞ்சலை அத்தை, உங்கள் மாப்பிள்ளையின் அக்கா சாந்தமேரி, எல்லாரும் நிற்க, ஊசி போட்டுப் பாதி மயக்கத்தில் கிடந்த மனுசனிடம் நீங்கள் கேட்டீர்கள்: "அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி தண்ணி இருந்துச்சான்னு பார்த்தீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மாப்பிள்ள." அவர் சொன்னார்: "பார்க்கல மச்சான்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவ்வளவுதான். அதோடு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. திரும்பி வரும்போது வேனில் யாரோ சொன்னார்கள், "வேதக்காரப் பையன், நல்ல நாளும் தெரியாது, நேரமும் தெரியாது, யாரு மூட்டச் சொன்னா?" என்று. நீங்கள் முன்சீட்டில் இருந்தீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவரை யாரும் மூட்டச் சொல்லவில்லை. தினமும் விடியுமுன் எழுந்து, கொட்டாங்குச்சியும் ரப்பர் விறகும் வைத்து, அம்மாவுக்கு வெந்நீர் போட்டவர் அவர்தான். நீங்களும் இல்லை, நானும் இல்லை. கருமாதி முடிந்து எல்லாரும் தலை முழுகுவார்களே என்று அன்றைக்கும் எழுந்தார்.

மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்
17 ஜூலை 2023

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேனில் சொல்லப்பட்டது என் காதில் விழுந்தது. கண்டித்திருக்க வேண்டும், கண்டிக்கவில்லை. அதற்கு விளக்கம் எதுவும் தரப்போவதில்லை.

என் கேள்வி பற்றி மட்டும் ஒன்று சொல்ல அனுமதி கொடு. நான் அதைக் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. நடந்தது என்னவென்று புரியாதபோது எனக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வழி தெரியாது. அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைத்த கைக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. கேள்வி கேட்டது அது.

இப்போது, உன் மறுப்பை ஏற்றுக்கொண்டு, நிகழ்ச்சியை மறுபடி வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அடுப்பை மூட்டினார். சற்று நேரம் கழித்துச் சூடு பார்க்கக் குளியலறை வெந்நீர்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கிள்ளானில் வழக்கமான தண்ணீர் வெட்டு என்று நினைத்துச் சமையலறைக் குழாயைத் திறந்தார். அதில் வந்தது. பிறகுதான் அடுப்புக்குப் பக்கத்தில், தொட்டிக்குத் தண்ணீர் போகும் வால்வு மூடியிருப்பதைக் கண்டு, அதைத் திறந்தார். உள்ளே வெறுமையாகச் சிவந்திருந்த இரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் பாய்ந்தது. மீதி நமக்குத் தெரியும்.

இதில் ஒன்றுக்கு மட்டும் விடை இல்லை. அந்த வால்வு ஏன் மூடியிருந்தது? அப்பா காலத்திலிருந்து அது திறந்தே இருந்திருக்கிறது. தொட்டியில் குறையக் குறையத் தண்ணீர் தானே நிரம்பும். அதனால்தான் மூட்டுமுன் யாரும் தண்ணீர் பார்த்ததில்லை; பார்க்கும் தேவையே இல்லை. அதை மூடுவதற்கு அந்த வீட்டில் எவருக்கும் காரணம் கிடையாது. குழாய் வேலைக்காரர் எவரேனும் வந்தாரா? விசாரித்து எழுது. அது தெரிந்தால் மாப்பிள்ளை தம்மைக் குறைசொல்லிக்கொள்வது குறையக்கூடும்.

அண்ணன்

*

தெலுக் பூலாய்
6 ஆகஸ்ட் 2023

அண்ணனுக்கு,

எந்தக் குழாய் வேலைக்காரரும் வரவில்லை.

இதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். பள்ளிக்கூட அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியவில்லை.

அம்மா போன அன்று காலை. அம்மாவை நடுவீட்டில் கிடத்தியாகிவிட்டது. நீங்கள் வந்துவிட்டீர்கள். அவர் வெளியே கூடாரம் போடுகிறவர்களோடு நின்றார். அஞ்சலை அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "சாவு வுழுந்த வூட்டுல புடிச்சு வச்ச தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாதுடி. பானை, குடம், வாளி, எல்லாத்தையும் கொட்டு. உசுரு போறப்ப அதுல வாய நனைச்சிட்டுப் போகும்" என்றார். நான் கொட்டினேன். பிரிட்ஜில் இருந்த போத்தல்களைக் கூடக் கொட்டினேன்.

பிறகு அந்தத் தொட்டி ஞாபகம் வந்தது. அத்தை சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்தேன். அதுவும் பிடித்து வைத்த தண்ணீர்தானே. அப்பா எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்: வால்வை மூடு, அடுப்புக்குக் கீழே உள்ள சின்னக் குழாயைத் திறந்தால் தொட்டியும் பெட்டியும் முழுக்கக் காலியாகிவிடும் என்று. அப்படியே செய்தேன். தண்ணீர் சூடாக இருந்தது அண்ணே. அன்று விடியற்காலை அவர் அம்மாவுக்கென்று போட்ட தண்ணீர். அம்மா குளிக்கவில்லை. நான் கால்வாயில் விட்டேன். கடைசி வரைக்கும் சூடாகவே போனது. நான் அங்கேயே குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ்க்குழாயை மூடினேன். வால்வைத் திறக்கவில்லை. வீடு கழுவிய பிறகு புதுத் தண்ணீர் விடலாம் என்று நினைத்தேன். அப்புறம் நினைக்கவே இல்லை.

கருமாதி வரை அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதை அத்தையே அவரிடம் சொன்னார். தண்ணீரைக் கொட்டுவோம் என்பது அவருக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. சாவு வீட்டில் அவர்கள் செபமாலை சொல்வார்கள், கோப்பி போடுவார்கள். நம் ஆள் யாராக இருந்தாலும் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். அந்த அடுப்பைத் தொடுகிற ஒரே மனுசனுக்குத்தான் அது தெரியாது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

மருத்துவமனையில் நீங்கள் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். வெடித்த சத்தம் கேட்டதுமே தெரியும். அவர் "பார்க்கல" என்றார். நான் சும்மா நின்றேன். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் இல்லை.

இப்போது சொல்லுங்கள். நான் அவரிடம் சொல்ல வேண்டுமா?

மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட் 2023

மாதவி,

உடனடியாக எதுவும் சொல்லாதே.

இதைத் தக்க யோசனையுடன் எழுதுகிறேன். முதலாவது, நீ செய்தது ஒரு சடங்கு. கவனக்குறைவு என்று அதற்கு நீயாகப் பெயர் வைக்க வேண்டாம். இரண்டாவது, மாப்பிள்ளை இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்; மனம் தேறாத நிலையில் இத்தகைய செய்தி எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல இயலாது. மூன்றாவது, சொல்லப்பட்டதைத் திரும்பப் பெற முடியாது. காலம் கொஞ்சம் போகட்டும். பிறகு, தகுந்த சந்தர்ப்பத்தில், தகுந்த சொற்களில்.

ஒன்றை நானும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அன்று காலை அத்தை என்னிடம், "கொள்ளி போடறவன் நீ, தண்ணி எல்லாம் கொட்டியாச்சான்னு கேளு" என்றார். நான் சமையலறைப் பக்கம் திரும்பி, "எல்லாம் ஆச்சா மாதவி?" என்றேன். நீ, "ஆச்சுண்ணே" என்றாய். உன் கால் நனைந்திருந்தது. எதைக் கொட்டினாய் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதே தொழிலாக உள்ளவன், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய்.

பொறுமையாக இரு.

அண்ணன்

*

தெலுக் பூலாய்
2 செப்டம்பர் 2023

அண்ணனுக்கு,

நான் அண்ணனிடம் கேட்டேன். வழக்கறிஞர் பதில் எழுதியிருக்கிறார்.

நீங்கள் சொன்ன காலம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவர் நேற்று துறைமுகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கிரேன் வேண்டாம், வாசலில் லோரி எண் சரிபார்க்கும் வேலை கொடுங்கள் என்று. இடக் கையால் எழுதினார். வலக் கையால் பேனா பிடித்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தொடுவதே இல்லை. எழுத்து ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை எழுதியது போல இருந்தது. என்னிடம் கொடுத்து, "டீச்சர், பிழை இருந்தா திருத்து" என்றார். பிழை இருந்தது. அவர் எழுதியிருந்த காரணம்: "என் கவனக்குறைவால் வீட்டில் விபத்து நடந்ததால்." நான் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்கிறார். கொடுத்துவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

உங்கள் உறைகளையும் அவர் பார்க்கிறார். "என்ன, மச்சான் விவாகரத்து நோட்டீஸ் அனுப்புறாரா? கையெழுத்துப் போடச் சொல்லு, எனக்குத்தான் கை இல்ல" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று செய்தார்.

அம்மாவுக்கு உடம்பு தேறாத கடைசி மாதங்களில், வெந்நீர் போட்டதும் அவர் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான், "அம்மா, வாங்க, பதமா இருக்கு" என்று கூப்பிடுவார். அம்மா பெற்ற நம் இருவரில் யாரும் அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்ததில்லை. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எதையும் குத்தலாக எழுதுகிற தெம்பு இல்லை.

தகுந்த சொற்கள் என்றீர்கள். என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்
10 செப்டம்பர் 2023

மாதவி,

ஒப்புக்கொள்கிறேன், என் சென்ற கடிதம் உனக்குப் பயன்படாத கடிதம்.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் வழக்கம்போலவே வேலை செய்தேன். நீதிமன்றம் போனேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. என் அடுக்கக வீட்டில் ஹீட்டர் விசையைத் தட்டினால் நொடியில் வெந்நீர் வருகிறது. அதன் கீழே நின்றுகொண்டு, இது எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதை நினைத்தேன். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. உன் சொந்தச் சாட்சியிடம் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்காதே என்பது அந்த விதி. "பார்த்தீர்களா, இல்லையா" என்று நான் கேட்டபோது, பார்ப்பது அவருடைய கடமை என்பதைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டேன். அவர் நேர்மையானவர், கேட்டதற்குப் பதில் சொன்னார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "தண்ணீர் இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா?" அதற்கும் அவர் நேர்மையாகவே பதில் சொல்லியிருப்பார்.

நான் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். எனவே திருத்தமும் எழுத்தில், ஒப்பத்துடன், அங்கே நின்ற எவரும் படிக்கக்கூடியபடி இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தகுந்த சொற்கள் இவ்வகைச் சொற்கள்தான். ஒரு வாக்குமூலத்தின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். சம்மதமென்றால் நீயே அவர் கையில் கொடு. தபாலில் அவருக்கு அனுப்ப மாட்டேன். அது நோட்டீஸ் போல் ஆகிவிடும்.

அவர் கோபப்பட்டால், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. குறுக்கே பேசாதே.

அண்ணன்

*

தெலுக் பூலாய்
24 செப்டம்பர் 2023

அண்ணனுக்கு,

கொடுத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார். அஞ்சலை அத்தையும் கருமாதிக்கு வாங்கிய தர்ப்பை மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வந்திருந்தார். அத்தை இருக்கட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வாயாலயே சொல்லலாம்ல. இதுக்கும் உங்கண்ணன் ஸ்டாம்ப் ஒட்டுவாரா?" என்றார். பிறகு படித்தார். நீங்கள் எழுதிய நான்காவது பத்தி வந்ததும் நிறுத்திவிட்டுத் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணியக் கொட்டுவீங்களா?"

"கொட்டாம? அது வழக்கமாச்சே" என்றார் அத்தை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் என்னத்தக் கண்டேன் தம்பி, இவ அந்தத் தொட்டியக் கொட்டுவான்னு. நம்ம வூட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் சொல்லவா வேணும்?"

"நானும் நம்ம வீடுதானே அத்தை" என்றார் அவர்.

அத்தை தர்ப்பையைக் கேட்காமலே எழுந்து போனார்.

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. நீங்கள் சொன்னபடி நான் குறுக்கே பேசவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். கைக்கு எண்ணெய் தடவினேன், நீட்டினார். புதன்கிழமை சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தபோது அடுப்பு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். உடைந்த நீர்ப்பெட்டியைக் குழாயிலிருந்து கழற்றி, இரண்டு குழாய் வாயையும் அடைத்துவிட்டார். இனி அந்த அடுப்பில் சமைக்கலாம், தண்ணீர் ஏறாது. வலக் கையால் ஸ்பானரைப் பிடித்திருந்தார். அவராகத்தான் பிடித்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அன்னிக்கு நீ கொட்டுனப்ப, சூடா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு" என்றேன்.

"பதமா?"

நான் கை வைத்துப் பார்க்கவில்லை என்றேன். கால் நனைந்தது, அதனால் தெரியும், பதமாகத்தான் இருந்தது என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேசினோம்.

வியாழக்கிழமை உங்கள் வரைவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "மச்சான்கிட்ட சொல்லு. இதுல ஒரு பத்தி சேக்கணும். அப்புறம், பாதிக்கப்பட்டவர்னு என் பேரப் போட்டிருக்காரு. அத எடுக்கச் சொல்லு. இத்தன நாளு குத்தவாளிக் கூண்டுல நின்னேன். நான் சாட்சி எடத்துல போடறேன்." சேர்க்க வேண்டியதை அவர் சொல்ல, நான் எழுதியிருக்கிறேன். தனித்தாளில் இருக்கிறது. நீங்கள் உங்கள் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். பொருளை மாற்ற வேண்டாம் என்றார்.

பிரிட்ஜ் மேல் இருக்கிற கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.

வரும் ஞாயிறு வாருங்கள். வாயால் கேட்கலாம்.

மாதவி

*

வாக்குமூலம்

தெலுக் பூலாய், கிள்ளான், சிலாங்கூர்
1 அக்டோபர் 2023

1. காலஞ்சென்ற கன்னையாவின் மக்களாகிய முகுந்தன், மாதவி எனும் நாங்கள் இருவரும், எவருடைய வற்புறுத்தலுமின்றி, தெளிந்த மனத்துடன் இதைக் கூறுகிறோம்.

2. எங்கள் தாயார் தனலெட்சுமி இவ்வீட்டில் காலமான அன்று காலை, சாவு நேர்ந்த வீட்டில் சேமித்த நீர் இருக்கலாகாது என்ற எங்கள் குடும்ப வழக்கப்படி, வீட்டிலிருந்த நீர் அனைத்தும் கொட்டப்பட்டது.

3. அத்துடன், சமையலறை இரும்படுப்பின் நீர்ப்பெட்டியிலும் தொட்டியிலும் இருந்த நீரை எங்களுள் மாதவி வெளியேற்றினார். நீர் வரும் வால்வை மூடினார். பின்னர் அதைத் திறக்கவில்லை. எல்லாம் ஆயிற்றா என்று கேட்ட முகுந்தன், எவையெவை என்று கேட்கவில்லை.

4. இதைப் பற்றி மாதவியின் கணவரும், அவ்வடுப்பை நாள்தோறும் மூட்டிவந்தவருமான ஜெயராஜிடம் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவ்வழக்கம் அவர் பிறந்த வீட்டில் இல்லை என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும்.

5. கருமாதியன்று காலை அவர் அடுப்பை மூட்டியது, சடங்குக்கு வந்தவர்கள் குளிக்க வெந்நீர் வேண்டும் என்பதற்காக. அவர் செய்தவை அனைத்தும் தண்ணீர் உண்டு என்று நம்பிய கவனமான ஒருவர் செய்யக்கூடியவை.

6. மருத்துவமனையில் முகுந்தன் கேட்ட கேள்விக்கு ஜெயராஜ் அளித்த பதில் உண்மையானது. கேள்விதான் தவறானது. அக்கேள்வியை முகுந்தன் இதன்மூலம் திரும்பப் பெறுகிறார்.

7. (ஜெயராஜ் கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்பட்டது.) இவ்வீட்டில் இனி எவர் பிறந்தாலும், எவர் இறந்தாலும், எந்தப் பக்கத்து வழக்கம் செய்யப்பட்டாலும், செய்யப்போவது என்ன என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்ல வேண்டும். தெரிந்திருக்கும் என்று எவரும் எண்ணிக்கொள்ளக் கூடாது.

8. அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மேற்கண்டவை தமிழில் உரக்கப் படிக்கப்பட்டு, கேட்டு, ஒப்பமிடப்பட்டன.

முகுந்தன் த/பெ கன்னையா
மாதவி த/பெ கன்னையா

சாட்சிகள்:

அஞ்சலை, தந்தையின் தங்கை (கைநாட்டு)

ஜெயராஜ், கிரேன் ஓட்டுநர் (தொழில் சாட்சியே கூறியபடி எழுதப்பட்டது, ஒப்பம் வலக் கையால்)